கப்பலுக்குப் பக்கத்தில் ஓடிய குட்டி எஞ்சின்கள்

பிள்ளைகளா, இன்றைக்கு மாமா உங்களுக்கு எஞ்சின் கதை சொல்லப் போகிறேன். எக்ஸ்பிரஸ் வண்டியை இழுத்துக்கொண்டு பறக்கிற பெரிய எஞ்சின் இல்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே போகாமல், நாள் முழுக்க முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கிற சின்ன எஞ்சின்.

திருநெல்வேலி ஜங்ஷனில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெட்டிகளை ஓர் எஞ்சின் மெல்லத் தள்ளிக்கொண்டு வரும். கீழே நிற்கும் பாயிண்ட்ஸ்மேன் பச்சைக் கொடியை ஆட்டுவார். "வா, வா, வா" என்று கை காட்டுவார். டங்! கொக்கி மாட்டிக்கொள்ளும். அவர் உள்ளே குனிந்து பிரேக் குழாயை இணைப்பார். எஞ்சின் கழன்றுகொண்டு வேறு தடத்துக்குப் போய்விடும். இந்த வேலைக்குத்தான் ஷண்டிங் என்று பெயர். பார்த்திருக்கிறீர்கள்தானே?

இதே வேலையைக் கப்பல் துறைமுகத்தில் செய்வதற்கென்றே ஒரு காலத்தில் தனி நீராவி எஞ்சின்கள் கட்டினார்கள். அவை ஏன் குட்டையாக இருந்தன? ஏன் அவற்றின் சக்கரம் சின்னது? ஏன் பின்னால் நிலக்கரி வண்டி இல்லை? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை கடற்கரையிலேயே கிடைக்கிறது. அதனால் முதலில் நம் தூத்துக்குடிக்குப் போவோம்.

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-ல். மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் பிரிந்து வரும் பாதையும் அதே காலத்தில் போட்டதுதான். கரிசல் காட்டுப் பருத்தி ரயிலில் ஏறித் தூத்துக்குடிக்குப் போயிற்று. கொழும்புக்குப் போகிறவர்களும் சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி வந்து, அங்கே கப்பல் ஏறினார்கள். அந்த ரயிலைத்தான் பெரியவர்கள் போட் மெயில் என்பார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் போட் மெயில் தனுஷ்கோடி வழிக்கு மாறியது. வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் காலியா, லாவோ என்ற கப்பல்களும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஓடியவைதான்.

சரி, அந்தக் காலத்தில் ரயில் பெட்டியிலிருந்து பருத்திப் பொதி கப்பலுக்கு எப்படிப் போயிருக்கும்? யாராவது சொல்லுங்கள், பார்ப்போம்.

"நேராகக் கப்பலில் ஏற்றுவார்கள்" என்று சொன்னீர்களா? நல்ல யோசனை. ஆனால் அங்கே அது முடியாது. தூத்துக்குடிக் கரையோரத்தில் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல் கிட்டே வந்தால் அடி தட்டிவிடும். அதனால் கப்பல் பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பொதியைத் தோணியில் ஏற்ற வேண்டும். தோணி அலையில் ஆடி ஆடிக் கப்பலுக்குப் போக வேண்டும். அங்கே திரும்பவும் தூக்கி ஏற்ற வேண்டும். ஆட்களும் அப்படித்தான், படகில் போய்த்தான் ஏறினார்கள். கரையிலேயே கப்பல் வந்து நிற்கும் ஆழ்கடல் துறைமுகம் தூத்துக்குடிக்கு வந்தது 1974-ல்தான். இன்று அதற்கு வ.உ.சி. பெயரே சூட்டியிருக்கிறார்கள்.

கரையில் ஆழம் இருக்கிற ஊரில் கதை வேறு. கப்பல் துறைமேடையை ஒட்டி வந்து நிற்கும். அப்போது தண்டவாளத்தைக் கப்பலின் பக்கத்துக்கே கொண்டுபோய்விடலாம். பாரந்தூக்கி ரயில் வேகனிலிருந்து மூட்டையை எடுத்து நேரே கப்பலுக்குள் இறக்கிவிடும். தோணியே வேண்டாம்! ஆனால் துறைமேடை மேல் போக ஒரு சிறப்பு எஞ்சின் வேண்டும். புரிகிறதா? கடலின் ஆழம் எஞ்சினின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் உங்களைச் சுற்றிவளைத்துத் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனேன்.

இப்போது இங்கிலாந்தின் தென்கரைக்குப் போவோம். சவுத்தாம்ப்டன் என்றொரு பெரிய துறைமுகம். 1912 ஏப்ரல் 10-ஆம் தேதி டைட்டானிக் கப்பல் புறப்பட்டது இங்கிருந்துதான். லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனி 1892-ல் இந்தத் துறைமுகத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. அந்தக் கம்பெனியின் எஞ்சின் தலைவர் வில்லியம் ஆடம்ஸ். அவர் வரைந்த சின்ன எஞ்சின் வகைக்கு பி-4 என்று பெயர். லண்டனில் நைன் எல்ம்ஸ் பணிமனையில் 1891 முதல் 1893 வரை 20 எஞ்சின்கள் கட்டினார்கள். அவருக்குப் பின் வந்த டிரம்மண்டு, 1908-ல் சிற்சில மாற்றங்களுடன் இன்னும் 5 கட்டினார்.

மொத்தமே நாலு சக்கரம். எடை சுமார் 33 டன். துறைமுகத்துக்கு வந்த எஞ்சின்களுக்கு எண்ணோடு அழகான பெயரும் வைத்தார்கள். நார்மண்டி, கிரான்வில், ஜெர்சி, கெர்ன்சி... எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் கப்பல் போய்ச் சேருகிற ஊர்களும் தீவுகளும். எஞ்சின் துறைமுகத்தைத் தாண்டிப் போகாது. ஆனால் பெயர் மட்டும் கடல் தாண்டிவிட்டது!

அந்த பி-4 எஞ்சினில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 7 அடி. நம் கணக்கில் சுமார் 2.1 மீட்டர். ஏன் இவ்வளவு நெருக்கம்?

துறைமுகத்தில் இடம் குறைவு. ஒரு பக்கம் கிடங்கு, ஒரு பக்கம் தண்ணீர். தண்டவாளம் கிடங்கின் மூலையைச் சுற்றிக்கொண்டு சட்டென்று வளைந்து துறைமேடைக்கு வர வேண்டும். அந்த வளைவில் நீளமான எஞ்சின் ஏன் திணறும் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். உங்களுக்கு நான் ஒரு சோதனை தருகிறேன்.

அம்மாவிடம் கேட்டு 30 சென்டிமீட்டர் அகலமுள்ள சாப்பாட்டுத் தட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளின் மேல் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி வட்டம் போடுங்கள். இதுதான் உங்கள் வளைந்த தண்டவாளம். இப்போது வட்டத்தின் மேல் இரண்டு புள்ளி வையுங்கள். புள்ளிகளுக்கு நடுவே தூரம் 5 சென்டிமீட்டர். இரண்டையும் நேர்கோட்டால் சேருங்கள். அந்தக் கோட்டின் நடுவிலிருந்து வட்டம் எவ்வளவு தள்ளி இருக்கிறது? அளந்து பாருங்கள். சுமார் 2 மில்லிமீட்டர்.

அடுத்து, 10 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு புள்ளி வைத்து அதே மாதிரி அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டர் வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அளவுகோலை வைத்துப் பாருங்கள். எட்டரை மில்லிமீட்டர் வருகிறது! நீளம் இரண்டு மடங்கானால் விலகல் ஏறக்குறைய நாலு மடங்காகிறது.

உங்கள் நேர்கோடுதான் எஞ்சினின் இரும்புச் சட்டம். அது வளையாது. தண்டவாளம் வளைந்து போகும். சக்கரத்தின் உள்பக்க விளிம்பு தண்டவாளத்தோடு உரசும். அச்சுகளின் தூரம் கூடக்கூட உரசல் அதிகமாகும். கிரீச்சென்று சத்தம் வரும், இரும்பு தேயும், கடைசியில் சக்கரம் தடத்தை விட்டே ஏறி இறங்கிவிடும். அதனால்தான் ஆடம்ஸ் அச்சுகளை அவ்வளவு நெருக்கி வைத்தார். இதுவரை சரியா? சந்தேகம் இருந்தால் தட்டை இன்னொரு முறை எடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். நீராவி எஞ்சினுக்கு நிலக்கரியும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். தூர ஊருக்குப் போகிற எஞ்சின் இரண்டையும் பின்னால் ஒரு தனி வண்டியில் இழுத்துப் போகும். ஷண்டிங் எஞ்சினுக்கு அந்த வால் எதற்கு? பின்னால் போகும்போது டிரைவருக்கு வழி மறைக்கும். இடத்தையும் அடைக்கும். அதனால் கொதிகலனின் இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டிகளை வைத்துவிட்டார்கள். நிலக்கரி டிரைவர் நிற்கிற அறைக்குப் பக்கத்திலேயே. இதைத்தான் டேங்க் எஞ்சின் என்கிறோம். நீங்கள் ஊட்டி மலை ரயிலில் போயிருந்தால் டேங்க் எஞ்சினைப் பார்த்தாகிவிட்டது. அங்கே ஓடும் எக்ஸ் வகை எஞ்சினும் பக்கவாட்டில் தொட்டி சுமப்பதுதான்.

தொட்டியை இப்படி வைத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீரின் பாரம் முழுவதும் இயங்குகிற சக்கரங்களின் மேலேயே அழுந்துகிறது. பாரம் அழுந்தினால்தான் வழுவழுப்பான இரும்பின் மேல் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. ஆனால் தண்ணீர் தீரத் தீரப் பாரம் குறையுமே, அப்போது பிடிமானமும் குறையுமே என்று கேட்கிறீர்களா? சபாஷ்! மிகச் சரியான கேள்வி. ஆமாம், குறையும். அதற்குத்தான் எஞ்சினில் மணல் பெட்டி இருக்கிறது. சக்கரம் வழுக்கினால் டிரைவர் ஒரு குழாய் வழியாகத் தண்டவாளத்தில் மணல் தூவுவார்.

சக்கரம் சின்னதாக இருந்ததற்கும் காரணம் உண்டு. பி-4 சக்கரத்தின் குறுக்களவு 1.16 மீட்டர். ஒருமுறை சுற்றினால் எஞ்சின் சுமார் 3.6 மீட்டர் நகரும். நம் நாட்டில் விரைவு வண்டிகளை இழுத்த, மூக்கில் நட்சத்திரம் வரைந்த டபிள்யூ.பி. எஞ்சினின் சக்கரம் 1.7 மீட்டர். அது ஒரு சுற்றில் 5.3 மீட்டருக்கு மேல் போய்விடும். ஒரு சுற்றில் நீராவி செய்கிற வேலையைக் குறைந்த தூரத்தில் செலவழித்தால் இழுக்கும் விசை கூடும். அதிக தூரத்தில் செலவழித்தால் வேகம் கூடும். துறைமுகத்தில் யாருக்கு வேகம் வேண்டும்? நிறைந்து கிடக்கிற வேகன்களை அசைத்து எடுப்பதுதான் அங்கே வேலை.

அந்த நீராவி எப்படித் தள்ளுகிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போமா? ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியானால், திறந்த வெளியில் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைக்கும். கொதிகலனுக்குள் அவ்வளவு இடம் இல்லை. அதனால் ஆவி முட்டி மோதி நிற்கிறது. வழி திறந்ததும் சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனை ஒரு பக்கம் தள்ளுகிறது. அடுத்து மறுபக்கம் புகுந்து திருப்பித் தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்த தண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறது.

எஞ்சினின் இடப்பக்கம் ஒரு சிலிண்டர், வலப்பக்கம் ஒரு சிலிண்டர். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நிலையில் இருக்காது. ஒன்றுக்கொன்று கால் சுற்று முன்பின்னாக அமைத்திருப்பார்கள். ஏன் தெரியுமா? ஒரு பக்கத் தண்டு சக்கரத்தின் நடுவோடு ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தால் சக்கரத்தைத் திருப்ப முடியாது. அப்போது மறுபக்கம் முழு பலத்தோடு தள்ளும் நிலையில் இருக்கும். எந்த நிலையில் நின்றாலும் எஞ்சின் புறப்படலாம். ஒரு சுற்றுக்கு நாலு தடவை ஆவி புகைபோக்கி வழியே வெளியேறும். "குப், குப், குப், குப்" என்ற நாலு சத்தம் எண்ணினால் சக்கரம் ஒருமுறை சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தடவை ஊட்டி ரயிலின் சத்தத்தைக் கேட்கும்போது சக்கரத்தையும் பார்த்துக்கொண்டு எண்ணுங்கள். ஆனால் அங்கே செங்குத்தான ஏற்றத்தில் பல்சக்கரத்துக்கென்று தனி சிலிண்டர்களும் சேர்ந்துகொள்ளும். எண்ணிக்கை குழம்பும். சமதரையில் எண்ணுவதுதான் சுலபம்.

ஷண்டிங் டிரைவருக்கு இந்த ஆவியை அடக்கி ஆளத் தெரிய வேண்டும். பட்டம் விடுகிற பையன் நூலைச் சுண்டி, விட்டு, மறுபடி சுண்டுவான் இல்லையா? அவரும் அப்படித்தான். கொஞ்சம் ஆவியைத் திறப்பார், உடனே மூடுவார். வேகன் தானாக உருண்டு போகும். நெம்புகோலைப் பின்பக்கம் தள்ளுவார், எஞ்சின் திரும்பி வரும். காலையிலிருந்து மாலை வரை இதே வேலை. கண்ணாடிப் பெட்டியும் இருக்கும், குதிரை நிற்கும் வண்டியும் இருக்கும். ஒன்றையும் இடித்துவிடக் கூடாது. எக்ஸ்பிரஸ் டிரைவர்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இந்த மெல்லிய கை யாருக்கும் குறைந்ததில்லை என்பது என் கருத்து.

பி-4 எஞ்சின்கள் சவுத்தாம்ப்டனில் ஐம்பது ஆண்டுக்கு மேல் உழைத்தன. அதற்குள் இரண்டாம் உலகப்போர் வந்துவிட்டது.

போரில் துறைமுகங்கள் மேல்தான் முதலில் குண்டு விழும். தண்டவாளம் முறுக்கிக்கொண்டு கிடக்கும். எஞ்சின்கள் நொறுங்கிப் போயிருக்கும். ஐரோப்பாவில் படை இறங்கினால் அந்த இடங்களில் உடனே ரயிலை ஓட்டியாக வேண்டும். அதற்காக அமெரிக்க ராணுவம் ஒரு ஷண்டிங் எஞ்சினைக் கட்டச் சொன்னது. வரைந்தவர் கர்னல் ஹோவர்டு ஹில். வகையின் பெயர் எஸ்-100. டாவன்போர்ட், போர்ட்டர், வல்கன் என்ற மூன்று அமெரிக்கக் கம்பெனிகள் 1942 முதல் 1944 வரை 382 எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்தன.

இதற்கு ஆறு சக்கரம். ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தூரம் 10 அடிதான், சுமார் 3 மீட்டர். எடை 45 டன்னுக்கு மேல். கொதிகலன் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைவிடச் சுமார் 14 மடங்கு. பி-4-ல் 10 மடங்குக்குச் சற்றுக் குறைவு. சிலிண்டர்கள் வெளிப்பக்கமாகத் தெரியும். எண்ணெய் விடவும் பழுது பார்க்கவும் கீழே புகுந்து படுக்க வேண்டியதில்லை. மணல் பெட்டியைக் கொதிகலனின் முதுகிலேயே வைத்திருந்தார்கள். ஏன் அங்கே? சொல்லுங்கள் பார்ப்போம். ஆமாம்! சூடு பட்டு மணல் எப்போதும் உலர்ந்திருக்கும். ஈர மணல் குழாயில் அடைத்துக்கொள்ளும். இதை யோசித்தவருக்கு ஒரு கைதட்டல் கொடுக்கலாம்.

இங்கிலாந்துக்கு வந்த எஞ்சின்களில் சில ராணுவக் கிடங்குகளில் வேலை செய்தன. பல, படை இறங்கும் நாளுக்காகச் சும்மா நின்றன. 1944 ஜூன் 6-ல் நார்மண்டிக் கரையில் படை இறங்கிய பிறகு அவை கடல் தாண்டின. ஒரு பி-4-க்குப் பெயர் கொடுத்த அதே நார்மண்டிதான்!

போர் முடிந்தது. சவுத்தாம்ப்டனில் பி-4 எஞ்சின்களுக்கு வயதாகிவிட்டது. புது எஞ்சின் வரைந்து கட்டக் காலமும் பணமும் வேண்டும். ராணுவத்துக்கோ இனி எஸ்-100 வேண்டாம். 1946-ல் ஒன்றைத் துறைமுகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். வளைவில் திரும்பியது, பாரத்தையும் இழுத்தது. மொத்தம் 14 எஞ்சின்களை, அப்போது அந்தத் துறைமுகத்தை நடத்திய இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வே வாங்கியது. உதிரி பாகங்களுக்காக இன்னும் ஒன்று. அதே சமயம் ஆஸ்டெரிட்டி என்ற பிரிட்டிஷ் ராணுவ ஷண்டிங் எஞ்சினும் மலிவாகக் கிடைத்தது. அதை வாங்கவில்லை. அதன் அச்சு தூரம் 11 அடி. ஓர் அடிதானே அதிகம் என்று நமக்குத் தோன்றும். தட்டுச் சோதனை செய்தவர்களுக்கு அந்த ஓர் அடியின் அருமை தெரியும்!

அவசரத்தில் கட்டிய எஞ்சின் என்பதால் ஒரு குறையும் இருந்தது. நிலக்கரி எரிகிற அறையைப் பிரிட்டனில் வழக்கமாகச் செம்பில் செய்வார்கள். அமெரிக்காவில் எஃகில் செய்தார்கள். சவுத்தாம்ப்டன் தண்ணீரோடும் வேலையோடும் அந்த எஃகு அறை நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அரித்துவிட்டது. 1951 வாக்கில் புது அறைகள் செய்து மாட்ட வேண்டியதாயிற்று. சன்னலைப் பெரிதாக்கியதும், நிலக்கரி வைக்கும் இடத்தை விரிவாக்கியதும் அங்கே செய்த திருத்தங்கள்தான்.

மற்ற எஸ்-100 எஞ்சின்கள் எங்கே போயின? பிரான்சுக்கு 77. யூகோஸ்லாவியாவுக்கு 106. கிரேக்கத்துக்கு 20. எகிப்து, ஈராக், சீனா வரைக்கும் போயின. யூகோஸ்லாவியாவுக்கு அந்த எஞ்சின் அவ்வளவு பிடித்துப்போனது. ஸ்லாவோன்ஸ்கி பிரோட் என்ற ஊரிலிருந்த தொழிற்சாலையில் அதை ஒட்டித் தாங்களே புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். போருக்காகப் பிறந்த எஞ்சின், சமாதானத்திலும் சரக்கு இழுத்தது.

1962-ல் சவுத்தாம்ப்டனுக்கு டீசல் வந்தது. ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி கம்பெனியின் 14 டீசல் ஷண்டிங் எஞ்சின்கள். 14-க்கு 14, கணக்கு நேர்! நீராவி எஞ்சின் காலையில் புறப்பட வேண்டுமானால் பல மணி நேரம் முன்னதாகவே தீ மூட்ட வேண்டும். வேலை இல்லாத நேரத்திலும் நிலக்கரி எரிந்துகொண்டே இருக்கும். டீசலுக்குச் சாவி திருப்பினால் போதும், ஓர் ஆளும் போதும். பழைய எஞ்சின்களில் சிலவற்றைப் பணிமனைகளுக்கு அனுப்பினார்கள். ஒன்று கில்ட்ஃபோர்டு எஞ்சின் கொட்டகையில் 1967 ஜூலை வரை, அந்தப் பகுதியில் நீராவி ஓய்ந்த நாள் வரை, வேலை செய்தது.

சவுத்தாம்ப்டனின் 14 எஸ்-100-ல் 4 எஞ்சின்களை ரயில் பிரியர்கள் காப்பாற்றிவிட்டார்கள். பி-4-லும் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. நார்மண்டி ப்ளூபெல் ரயில்வேயில் இருக்கிறது. கிரான்வில் பிரெஸ்ஸிங்ஹாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேடிக்கை. சதர்ன் ரயில்வேக்குப் பின் வந்த பிரிட்டிஷ் ரயில்வே அந்த 14 எஸ்-100 எஞ்சின்களுக்கு 30061 முதல் 30074 வரை எண் கொடுத்திருந்தது. பிற்காலத்தில் சில ஆர்வலர்கள் யூகோஸ்லாவியாவில் கட்டிய இரண்டு எஞ்சின்களை வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அவை சவுத்தாம்ப்டன் துறைமேடையில் ஒருநாளும் ஓடியதில்லை. ஆனால் கறுப்புச் சாயம் அடித்து, பிரிட்டிஷ் ரயில்வே எழுத்தும் எழுதி, பழைய வரிசையிலேயே எண் போட்டார்கள். என்ன எண் போட்டிருப்பார்கள்? விரல் விட்டு எண்ணுங்கள். 30075, 30076!